அழகுக்குத் தாத்தா எழுதிய பொய்கள்

காட்டூர், திருச்சி
25-1-63, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மயிலம்மாளுக்கும் மாப்பிள்ளை தர்மராஜ் அவர்களுக்கும் பேத்தி அழகுக்கும் சித்தப்பா ராசப்பன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. ரெங்கநாதர் கடாட்சத்திலும் மலைக்கோட்டைப் பிள்ளையார் காவலிலும் இங்கே நானும் உன் சித்தியும் பசுவும் கன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கல்கத்தாக் குளிரில் நீங்கள் மூன்று பேரும் அதேபோல இருக்கவேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது சித்தி சொல்லிக்கொள்கிறாள், நான் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறேன். சித்திக்கு முழங்கால் வலி இருக்கத்தான் இருக்கிறது. வைத்தியர் கொடுத்த தைலத்தைத் தன் காலில் தேய்க்காமல் பசுவின் காலில் தேய்க்கிறாள், கேட்டால், நான் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், அதுக்கு யார் இருக்கா என்கிறாள். பொங்கல் நன்றாக நடந்தது, பானை பொங்கியது நம் வீட்டில்தான் முதலில், தெருவே பார்த்தது. என் தொழிலுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் காணாமற்போன பிள்ளைகள் பந்தலுக்கு இந்த வருஷமும் நம் மைக் செட்தான். புதுக் கூம்பு ஸ்பீக்கரை மொட்டைக் கோபுரத்துக்கு நேராகத் திருப்பி வைத்ததில் என் குரல் சமயபுரம் வரைக்கும் கேட்டதாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் பேசிக்கொண்டார்களாம். சித்தி கொள்ளிடத்தைக்கூடத் தாண்டியிருக்காது என்கிறாள். அவளுக்கு ஆம்ப்ளிபயரைப் பற்றி என்ன தெரியும்.

உன் கடிதம் மார்கழி நடுவிலேயே வந்துவிட்டது தாயி. சித்தப்பா பதில் போடவில்லையே என்று நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாய், தெரியும். கடிதத்தைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன், பாதியில் என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது, மீதியைப் பக்கத்து வீட்டு மஜீதாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். அழகை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்ட நாளாக அவள் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், பெஞ்சில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்றும், வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி, இனிமேல் வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேசவேண்டும் என்று டீச்சரம்மா கட்டளை போட்டார் என்றும் எழுதியிருந்தாய். நீயும் அதை நம்பித் தமிழை நிறுத்திவிட்டாய். உனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கம், கோ, ஈட், ஸ்லீப். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையோடு என்ன பேச முடியும், மாட்டைத்தான் ஓட்ட முடியும். இப்போது அவள் வீட்டிலும் வாயை மூடிக்கொண்டாள், கோடை லீவுக்குள் பேசாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் தைப்பூசம் முடிந்து ஊருக்கு வருகிற மாப்பிள்ளையின் கம்பெனி சிநேகிதர் ஆண்டி குடும்பத்தோடு அழகை அனுப்பி வைக்கட்டுமா, காட்டூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழிலேயே படிக்கட்டும், நீங்கள் வளர்ப்பீர்களா என்று கேட்டிருந்தாய். வளர்ப்பீர்களா என்று கேட்கலாமா மயிலு. அண்ணன் போன பிறகு உன்னை வளர்த்தவன் கேட்காமலே வளர்த்தான்.

படித்த மறுநாளே நான் காரியத்தில் இறங்கிவிட்டேன். ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன், ராசப்பன் பேத்திக்கு இடம் இல்லாமலா, முதல் பெஞ்சிலேயே போட்டுவிடலாம் என்று எழுந்து நின்று சொன்னார். கோரைப்பாய் ஒன்று சின்னதாக, ஓரத்தில் சிவப்புக் கரை வைத்தது வாங்கினேன். சித்தி அலமாரியில் கீழ்த்தட்டை ஒழித்து, உன் பழைய பாவாடைத் துணியை வெட்டி அளவு தெரியாமலே இரண்டு பாவாடை தைத்துவிட்டாள். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியாகிவிட்டது. கல்கத்தாவில் இங்கிலீஷ் கரைத்துக் குடித்த பிள்ளை வருது என்று சொன்னேன், வேறு என்ன சொல்ல. வா என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஏகாதசி வந்துவிட்டது, நான் பந்தலுக்குப் போய்விட்டேன்.

அங்கே நடந்ததைக் கேள். சொர்க்கவாசல் திறந்து, வெயில் ஏறி, ஜனம் தேரோட்ட நாள் மாதிரி நெரிகிறது. ஒரு பையனைக் கொண்டுவந்து பந்தலில் விட்டார்கள், ஐந்து வயசு இருக்கும், மொட்டைத் தலை, பச்சைச் சட்டை. அழவும் இல்லை பேசவும் இல்லை. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் சுவாமி ஒருத்தர் அங்கே தொண்டு செய்கிறார், அவர் குனிந்து, குழந்தே, நோக்கு என்ன திருநாமம், தோப்பனார் யாருடா என்கிறார். போலீஸ்காரர் ஒருத்தர் தெலுங்கில் கேட்கிறார், அதற்கு மட்டும் பையன் நிமிர்ந்து பார்க்கிறான், இந்தியில் கேட்கிறார், தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்துவிட்டுக் கேட்கிறார். பொரி உருண்டை கொடுக்கிறவள் கேட்கிறாள். சுற்றி நின்று எல்லோரும் உன் பேர் என்ன, உன் பேர் என்ன. கேட்கக் கேட்க அந்தப் பிள்ளை உதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தெரிந்த பாஷையில் கேட்டும் பேசவில்லை பார்த்துக்கோ. நான் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு அவனை மேஜை மேல் உட்காரவைத்து மைக் ஒயரைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மைக்கைப் போட்டு எனக்குத் தெரிந்த தெலுங்கில், எர்ர சொக்கா போட்ட பையன் ஒருத்தன் இங்கே இருக்கிறான், எர்ர சொக்கா என்று அறிவித்தேன். எர்ர என்றால் சிவப்பு. எனக்குத் தெலுங்கில் தெரிந்த நிறம் அது ஒன்றுதான் என்று சித்தி சொல்வாள், நம்பாதே, யோசித்துத்தான் சொன்னேன். அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். திரும்பவும் எர்ர சொக்கா என்றேன். அவ்வளவுதான், பொறுக்கவில்லை அவனுக்கு. மைக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, பச்ச, பச்ச என்று கத்தினான் பார், ஸ்பீக்கரில் அந்தக் குரல் போய் மொட்டைக் கோபுரத்தில் முட்டித் திரும்பி வந்தது. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை, அவன் பேர், தங்கச்சி பேர், வந்த ரயில், எல்லாம் வருகிறது. ரெங்கவிலாச மண்டபத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவன் தாய் குரலைக் கேட்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். நான் ஊரும் பேரும் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க மாட்டாள். போலீஸ்காரர் எனக்குச் சல்யூட் அடித்தார். ஐயங்கார் சுவாமி, ராசப்பா, பொய் சொன்னாலும் பகவத் கைங்கரியம்டா என்றார்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷமா நீங்க சொன்ன பொய்யில இது ஒண்ணுதான் உருப்பட்டிருக்கு என்றாள்.  பிறகு, அந்தப் பிள்ளை ஏன் வாயை மூடிச்சு, அம்மா கை விட்டுப் போனதாலதானே, நம்ம அழகைக் கையை விட்டு இங்க அனுப்பச் சொல்றோமே என்றாள். 

நாமாக முடிவு எடுக்கக் கூடாது, படித்தவரைக் கேட்போம் என்று தைரியராஜ் சாரிடம் போனேன். உனக்குத் தெரியாது அவரை, டவுனில் ஒரு ஹைஸ்கூலில் ஆறாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ஆரம்பித்து வைக்கிற வாத்தியார், விளையாட்டு விழாவுக்கு என் மைக் இல்லாமல் ஓட்டப்பந்தயம் தொடங்க மாட்டார். நான் போனபோது கிளாஸ் நடந்தது, வராந்தாவில் நின்று பார்த்தேன். மேஜை மேல் ஒரு மரவள்ளிக் கிழங்கு, மண்ணோடு. பச்சைமலையிலிருந்து வந்து இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிற இருளாயி என்று ஒரு பெண், ஆனியில் சேர்ந்து தீபாவளி வரை அந்தக் கிளாஸில் வாயே திறக்கவில்லையாம். சார் அவளை எழுந்து நில் என்று சொல்லவில்லை. இந்தக் கிழங்கைப் பற்றி இங்க யாருக்கு அதிகம் தெரியும் என்று தமிழில் கேட்டார், எல்லாப் பிள்ளையும் அவளைப் பார்த்தது. அவள் உட்கார்ந்தபடியே தமிழில் சொல்கிறாள், எப்படி நடுவது, எப்போது பிடுங்குவது, பன்றி வந்தால் எப்படி விரட்டுவது என்று. பன்றி வந்த இடத்தில் கிளாஸே சிரிக்கிறது, அவளும் சிரிக்கிறாள். சார் அவள் சொன்னதையே சின்னச் சின்ன இங்கிலீஷாக போர்டில் எழுதி, இது இருளாயி பாடம் என்று எல்லோரையும் படிக்கச் சொன்னார். கடைசியில் அவளும் படித்தாள், மெதுவாக, பக்கத்துப் பெண்ணின் தோளை உரசிக்கொண்டு. கிழங்கு யோசனை நான் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் சத்திரம் ஸ்டாண்டு கடையில் அவர் கிழங்கு வாங்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அழகு விஷயத்தைச் சொன்னேன். பாதி கேட்டதும், வீட்டில் தமிழ் பேசுகிறாளா என்றார். டீச்சர் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்த டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனா தப்பு அண்ணே என்றார். புது பாஷை காதில் விழுந்து உள்ளே சேர்கிற வரைக்கும் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கவனிப்பது வழக்கந்தானாம், அதை மக்கு என்று நினைத்துவிடக் கூடாதாம். வீட்டில் தமிழில் கதை கேட்டு, கேள்வி கேட்டு, சண்டை போட்டு வளர்கிற பிள்ளைக்குத்தான் சொல்வதற்கு விஷயம் இருக்கும், விஷயம் இருந்தால்தான் அதை இன்னொரு பாஷையில் சொல்ல ஆசை வரும், நீங்க விஷயத்தையே பிடுங்கிட்டா அவ எதைச் சொல்வா என்று கேட்டார். இங்கே அனுப்பிவிடலாமா என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார், உங்க ஆசைக்குக் கேக்கிறீங்களா, பிள்ளைக்காகக் கேக்கிறீங்களா என்றார். கலெக்டர் முன்னாடியே ஒன் டூ த்ரீ சொல்லி மைக் டெஸ்ட் பண்ணினவன் நான், அன்றைக்கு அவர் கீழே வைத்த காபியை எடுத்துக் குடித்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன் தாயி, அழகை அனுப்பாதே. எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. இங்கே வந்தால் இரண்டு நாளில் காட்டூரே காது பொத்துகிற மாதிரிப் பேசுவாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேசாததால் அம்மா என்னை அனுப்பிவிட்டாள் என்பதும் அந்தப் பிள்ளை மனசில் உட்கார்ந்துவிடும். அதை எந்த ஸ்பீக்கர் வைத்தும் வெளியே எடுக்க முடியாது. ஆண்டி குடும்பத்தோடு அவளை அனுப்பாதே, வேண்டுமானால் பழம்புடவை இரண்டு கொடுத்தனுப்பு, சித்தி கன்றுக்குட்டிக்குப் போர்த்தக் கேட்டாள்.

இன்றைக்கே தமிழை ஆரம்பித்துவிடு. திட்டு, தாலாட்டுப் பாடு, எண்ணெய் தேய்க்கும்போது ஊர்க்கதை பேசு, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் அவள் காதுபடப் போடு. மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் வரும், அவர் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த டீச்சரம்மாவை நேரில் பார்த்து மரியாதையாகப் பேசவேண்டும். சண்டைக்குப் போகிற மாதிரிப் போகக் கூடாது மாப்பிள்ளை, அவரும் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறாரோ. எல்லோர் முன்னாலும் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்கவேண்டாம், கொஞ்ச நாளைக்குக் கையைக் காட்டிப் பதில் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாகச் சளசளக்கிற ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள், சிலேட்டுக் கொடுக்கிற வேலையோ போர்டு அழிக்கிற வேலையோ அவளுக்கென்று ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள், என் மைக் ஒயர் மாதிரி கையில் பிடிக்க ஏதாவது வேண்டும். இதெல்லாம் தைரியராஜ் சார் சொன்னது, ஒயர் மட்டும் என்னுடையது.

இனி என் வைத்தியம். போன சித்திரையில் நீங்கள் வந்திருந்தபோது அம்மா மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும், நீ படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாய். பாசி வழுக்கி நான் விழுந்து, முழங்கால் தண்ணீரில் வேட்டி ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக ஐயோ ஆறு அடிச்சிட்டுப் போகுதே என்று கூவ, அந்தப் பொடிசு என் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, தாத்தா விழுந்துட்டாரு எல்லாரும் வாங்க என்று படித்துறையையே கூட்டிவிட்டது. யாரிடமும் சொல்லாதே கண்ணு என்று திரும்பும்போது நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன், அந்த சர்பத்துக்கு விசுவாசமாக இதுநாள்வரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு நான் சொன்ன கதை வேறு. கீழே அழகுக்கு ஒரு துண்டு எழுதியிருக்கிறேன், அதை இன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் சத்தமாகப் படி. படித்துவிட்டு ஒன்றும் கேட்காதே. அவள் முகத்தைக்கூடப் பார்க்காதே, குழம்பை ஊற்று. அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடாதே, தாத்தா எழுதியது சரிதான் என்று எனக்காக வாதாடு. வாதாட வாதாட வரும். முதல் நாள் வராவிட்டால் மறுநாள் படி, அதுவும் இல்லாவிட்டால் எழுது, என்னிடம் பொய்க்குப் பஞ்சமா, மூட்டை மூட்டையாக அனுப்புகிறேன்.

என் தங்கம் அழகுக்குத் தாத்தா எழுதுவது. போன சித்திரையில் நாம் அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போனோம், ஞாபகம் இருக்கிறதா. காவிரியில் பனைமரம் உயரத்துக்குத் தண்ணீர். நீ பாசியில் வழுக்கித் தொபுக்கென்று விழுந்துவிட்டாய். நான் ஒரே பாய்ச்சலில் குதித்து உன்னை ஒரு கையால் தூக்கினேன், இன்னொரு கையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். நீ ஐயோ ஆறு அடிச்சிட்டுப் போகுதே என்று கத்தினாய். நான் கத்தவே இல்லை. என் வேட்டி நனையக்கூட இல்லை. திரும்பும்போது பயம் தெளிய உனக்கு வேப்பங்கஷாயம் வாங்கிக் கொடுத்தேன், நீ சமர்த்தாகக் குடித்தாய். நம் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு இப்போது ஆறு கால். இதெல்லாம் சத்தியம்.

இவ்வளவுதான் மயிலு. வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், பிள்ளை வாய் ஓயாமல், நீங்கள் காது வலிக்க நூறு வருஷம் இருக்கவேண்டும் என்று நானும் சித்தியும் வாழ்த்துகிறோம். குளிர்காற்றில் அழகின் காதுக்கு மப்ளர் கட்டாமல் அனுப்பாதே, ஆனால் வாயை மூடிக் கட்டிவிடாதே. சிவப்புக் கரைப் பாயைச் சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறேன், கோடை லீவுக்கு மூன்று பேருமாக வாருங்கள், அதுவரைக்கும் சித்தி அதில் யாரையும் உட்காரவிடமாட்டாள். தெருக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன், கல்கத்தாவில் அந்தப் பிள்ளை இல்லாமல் பள்ளிக்கூடம் நடக்காதாம், அனுப்ப மாட்டேன் என்கிறார்களாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மறக்காதே. அழகு என்னைப் பொய்யன் என்று சொன்னால், தாத்தாதான் விழுந்தார் என்று சொன்னால், எந்தப் பாஷையில் சொன்னாளோ அதே வார்த்தையை மாற்றாமல் எழுதி அனுப்பு. தமிழில் வந்தால் நானே படிப்பேன். இங்கிலீஷில் வந்தால் தைரியராஜ் சாரைக் கூப்பிட்டு, புது ஸ்பீக்கரைக் காட்டூர் முழுக்கத் திருப்பி வைத்து, மைக்கில் படிக்கச் சொல்வேன். ராசப்பன் முழங்கால் தண்ணீரில் கூவியது ஊருக்கெல்லாம் தெரியட்டும், பரவாயில்லை.

அவள் வார்த்தைக்குக் காத்திருக்கும் உன் சித்தப்பா,
மைக் செட் மு. ராசப்பன்